நெல்லுக்கு மூத்த காணம்

ஆமத்தூர்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் ஆமத்தூர் வந்ததும் வட்டாரத்தின் இரண்டு பிழைப்புகளும் அருகருகே தெரியத் தொடங்கும். ஒரு பக்கம் பட்டாசு ஆலைகள்: ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும் சின்னச் சின்ன அறைகள், நடுவே வெற்றிடம், ஓரமாக வேம்பு. இன்னொரு பக்கம் கரிசல் காடு: கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்துவிட்டு, ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமுமாக நிறம் மாறும் மண். முதலாவது பிழைப்பு எப்படி வந்தது என்று கேட்டால் இங்கே யாரும் தயங்காமல் பதில் சொல்வார்கள். மழை கிடையாது, ஆறு கிடையாது, வெள்ளாமை கிடையாது. அதனால்தான் 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பட்டாசும் அச்சுத் தொழிலும் பின்னாலேயே வந்தன. இந்த விளக்கத்தில் பாதி சரி. மருந்தும் குச்சியும் காய வறண்ட காற்று வேண்டும், அது இங்கே ஏராளம். மறு பாதியில்தான் சிக்கல். வெள்ளாமை என்றாலே வாய்க்கால் தண்ணீரில் நெல் விளைவது என்று வைத்துக்கொண்டு, அது இல்லாத ஊரை வேளாண்மை தோற்ற ஊர் என்று முடிவுகட்டிவிடுகிறோம். தமிழ்நாட்டில் இதுவரை தோண்டிப் பார்த்த பழைய ஊர்கள் சொல்லும் செய்தி இதற்கு நேர்மாறானது. இந்தப் பக்கத்தின் முதல் உழவர்கள் மழையை நம்பிப் பயறு விதைத்தவர்கள், ஆடுமாடு வளர்த்தவர்கள். நெல் அவர்களுக்குப் பிந்தியது. இதைச் சரிபார்க்க ஆமத்தூரிலிருந்து தெற்கே தாமிரபரணி வரையிலும், அங்கிருந்து வடமேற்கே நொய்யல் ஆற்றின் தலைப்பு வரையிலும் போனால் போதும்.

கிளம்புமுன் கரிசலின் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசியை ஒட்டிய இரண்டு மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனால் கரிசல் குடித்த தண்ணீரை லேசில் விடாது. மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரத்திலேயே பாசிப்பயறு அறுபது எழுபது நாளில் காய்த்து முடிந்துவிடும். காணம், அதாவது கொள்ளு, இன்னும் மோசமான நிலத்திலும் வரும். மணியை மனிதர் எடுத்துக்கொண்டு கொடியை மாட்டுக்குப் போடலாம். பயறு வேரூன்றிய மண்ணும் உரமேறிப் போகும். அறுப்பு முடிந்த காடுகளில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போடுகிறார்கள். இரவெல்லாம் ஆடுகள் அடைந்துகிடக்கும் நிலத்துக்கு அந்த வருஷ உரம் ஆயிற்று; கீதாரிக்குக் கூலி ஆயிற்று. ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்ற பழமொழியைச் சம்சாரிகளும் கீதாரிகளும் இன்றைக்கும் சொல்வார்கள். உணவு மட்டும் மாறிவிட்டது. விருதுநகரின் எண்ணெய்ப் புரோட்டாவுக்கு வேண்டிய மைதா வடக்கேயிருந்து வருகிறது, வீட்டுச் சோற்றுக்கு ரேஷன் அரிசி வருகிறது. கம்மங்கூழ் சாலையோரத் தள்ளுவண்டிக்கு இறங்கிவிட்டது. குதிரைவாலி, சர்க்கரை நோய்க்காரர் வாங்கும் பொட்டலமாகக் கடைக்கு ஏறிவிட்டது. காணத் துவையல் மட்டும் பழைய வீடுகளில் அம்மியை விட்டுப் போகாமல் இருக்கிறது.

வெம்பக்கோட்டை

சிவகாசியைத் தாண்டித் தென்மேற்கே போனால் வைப்பாற்றின் கரை. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்து மேட்டுக்காட்டில் 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. அடுத்தடுத்த கட்டங்களாக 2023, 2024 என்று பணி நீண்டது. சங்கு வளையல்கள், அறுத்து மிச்சமான சங்குத் துண்டுகள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள், வட்டச்சில்லுகள், தந்தத்தால் செய்த பகடை, பொன் அணித் துண்டு என்று குழிகளில் கிடைத்தவற்றைப் பார்த்தால், இது வெறும் குடியானவர் ஊராக இருந்திருக்க முடியாது. கடலிலிருந்து சங்கு வந்திருக்கிறது, இங்கே வளையலாகியிருக்கிறது, வெளியே போயிருக்கிறது. சுற்றிலும் கையால் பட்டாசுக்கு மருந்து செலுத்தி வாழும் ஊர்களுக்கு நடுவே, பழங்காலத்திலும் கைத்தொழிலால் பிழைத்த ஊர் ஒன்று வெளிப்பட்டிருப்பதைக் கண்டு, கரிசல் எப்போதுமே தொழிலால்தான் பிழைத்தது என்று ஒருவர் சொல்லக்கூடும். தொழிலாளிக்கும் சோறு வேண்டுமே என்பதுதான் அதற்குப் பதில். வளையல் அறுத்தவர்களுக்குத் தானியம் விளைவித்தவர்கள் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். அவர்கள் எந்தச் செல்வத்தை மதித்தார்கள் என்பதற்கு ஒரு குறிப்பும் கிடைத்திருக்கிறது: சூதுபவளக் கல்லொன்றில் பொறித்திருக்கும் திமில் காளை.

இந்த மேட்டில் வேறொரு செய்தியும் உண்டு. அதே அகழாய்வில் நுண்கற்கருவிகளும் வந்தன. விரலால் பிடிக்கக்கூடிய, அம்பு முனையிலும் கத்தி விளிம்பிலும் பதிக்கத்தக்க சின்னஞ்சிறு கற்சில்லுகள் அவை. பொதுவாக வேட்டையாடி, கிழங்கும் கனியும் திரட்டி வாழ்ந்தவர்களின் கருவிகள். தெற்கே தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளிலும் இதுபோன்றவை கிடைப்பதைத் தொல்லியலாளர்கள் ஸாய்னரும் ஆல்ச்சினும் 1956லேயே எழுதியிருக்கிறார்கள். ஆக, வைப்பாற்றங்கரையில் தொடக்கமும் முடிவும் கையில் இருக்கின்றன. ஒரு முனையில் கற்சில்லோடு அலைந்த கூட்டம். மறுமுனையில் பகடை உருட்டிய வணிக ஊர். நடுவில் யாரோ முதல் விதையைப் போட்டு, அறுப்பு வரை அங்கேயே காத்திருந்து, அடுத்த மழைக்கு விதை எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த நடுக்கட்டம்தான் இங்கே காணாமல் போயிருக்கிறது. அதற்கு மண்ணே ஒரு காரணம். கரிசல் ஒவ்வொரு கோடையிலும் ஆழமாக வெடிக்கிறது; மேலே கிடப்பது வெடிப்பில் விழுந்து கீழே போகிறது; மழையில் மண் உப்பும்போது கீழே கிடந்தது மேலே தள்ளப்படுகிறது. நிலம் தன்னைத்தானே உழுதுகொள்ளும் இடத்தில் குடிசைத் தரையும் அடுப்புச் சாம்பலும் அடுக்குக் கலையாமல் கிடைப்பது அரிது. ஆகவே கரிசலில் தொடக்க கால உழவர் ஊர் கிடைக்காததை, அப்படி ஓர் ஊர் இருக்கவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. இருந்தது என்பதற்கும் அது சான்றாகாது. வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

சிவகளை

தாமிரபரணிப் பாசனத்துக்குள் நுழைந்ததும் கரிசல்காட்டுக் கண் கூசும். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் வாழையும் நெல்லும் குளமுமாக ஒரே பச்சை. எது வேளாண்மை என்ற கேள்விக்கு இந்த நிலம் வாயைத் திறக்காமலே பதில் சொல்லிவிடுகிறது. பயறுதான் மூத்தது என்ற வாதத்துக்கு வலுவான மறுப்பும் இங்கேதான் இருக்கிறது. சிவகளைப் பரம்பில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று வந்திருப்பதை 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்திலேயே ஆதிச்சநல்லூர். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே தோண்டிய அலெக்சாண்டர் ரீயும் பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்ததைக் குறித்திருக்கிறார். மூவாயிரம் ஆண்டுக்கு மேலாகத் தாமிரபரணிக் கரை நெல்லை அறியும். அப்படியிருக்க, நெல்லை எப்படி இளையது என்று சொல்வது?

முதலில், அந்த நெல் எங்கே கிடைத்தது என்று பார்க்க வேண்டும். அது அடுப்படியில் சிதறிக் கிடந்த நெல் இல்லை. இறந்தவரோடு வைத்த நெல். இறந்தவருக்கு அன்றாடம் தின்றதை வைத்தார்களா, அருமையானதை வைத்தார்களா என்பதை நெல்மணி சொல்லாது. கரிசல்காட்டில் கம்பும் சோளமும் தின்று வளர்ந்த தலைமுறை தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் நெல்லுச்சோறு கண்டது. அந்த வீடுகளில் சடங்குக்கு வைத்ததை மட்டும் பார்த்துவிட்டு அன்றாட உணவை எழுதினால் வரலாறே தவறாகப் போயிருக்கும். ஆதிச்சநல்லூர்ப் பானைகளில் சிறுதானியமும் சேர்ந்தே கிடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டாவது, காலம். கி.மு. 1155 பழமைதான், ஆனால் இந்தப் பயணத்தில் பின்னால் வரும் மோளப்பாளையம் அதைவிட இருநூறு ஆண்டுக்கும் மேல் மூத்தது. மூன்றாவது, தாவரத்தின் பிறப்பிடம். பாசிப்பயற்றின் காட்டு மூதாதை தென்னிந்திய மலைச்சரிவுகளில் இன்றைக்கும் முளைக்கிறது. காணத்தின் காட்டு உறவுகள் தக்காணத்து வறள்வெளிகளில் இருக்கின்றன. பயிரான நெல்லோ கங்கைச் சமவெளிப் பக்கமிருந்து தெற்கே வந்தது என்பதுதான் தாவரத் தொல்லியலாளர் பெரும்பாலோர் கருத்து. வீட்டுக் கொல்லையில் இருப்பதை முதலில் பழக்குவதும் வெளியூர் விதையைப் பிறகு வாங்குவதும்தான் இயல்பு.

இன்னும் கடுமையான மறுப்பு ஒன்று 2025 ஜனவரியில் வந்தது. 'இரும்பின் தொன்மை' என்ற அறிக்கையில் தொல்லியலாளர்கள் கா. ராஜனும் இரா. சிவானந்தமும் சிவகளையில் இரும்பு கிடைத்த சூழலின் கரித்துண்டுகளுக்குக் கி.மு. 3345 வரை போகும் காலத்தை வெளியிட்டார்கள். இரும்பே அவ்வளவு பழையது என்றால், கல் கோடரியோடு பயறு விதைத்தவர்களை முதல் உழவர் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? கற்காலம் முடிந்து இரும்புக்காலம் என்ற பழைய படிக்கட்டை நம்பியிருக்கும் வாதத்துக்குத்தான் இந்தக் கேள்வி ஆபத்து. இங்கே சொல்லப்படுவது கருவியின் வரிசை அல்ல, பயிரின் வரிசை. அந்தக் காலக்கணிப்பை அப்படியே ஏற்றாலும், ஒரு கரையில் இரும்பு உருக்கியவர்களும் இன்னொரு மலையடியில் கல்லைத் தேய்த்துக் கோடரி செய்தவர்களும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள் என்று ஆகுமே தவிர, இரும்பு உருக்கியவர்கள் நெல் விதைத்தார்கள் என்று ஆகாது. ஒரே நாளில் ஆமத்தூரில் ராக்கெட்டுக்கு மருந்து அடைப்பதும் பக்கத்துக் காட்டில் ஏர்மாடு உழுவதும் நடக்கத்தான் செய்கின்றன.

பொருந்தல்

வடமேற்கே திரும்பிப் பழனி மலையடிவாரத்துக்கு வந்தால் பொருந்தல். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்காகக் கா. ராஜன் இங்கே தோண்டியபோது ஒரு கல்லறைக்குள் நான்கு கால் வைத்த சாடி நிறைய, ஏறக்குறைய இரண்டு கிலோ நெல் இருந்தது. காலம் கி.மு. 490. சிவகளைக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்தும் நெல் கல்லறையில்தான் கண்ணுக்குப் படுகிறது. இதைத் தமிழ்நாட்டு நெல்லின் பழமைக்குச் சான்றாகவே வழக்கமாக எடுத்துக்காட்டுவார்கள். மதிப்புக்குச் சான்றாகவும் எடுத்துக்கொள்ளலாம். சாடி நிறைய நெல்லைப் பிணத்தோடு புதைக்க முடிந்தவர் அந்த ஊரின் பெரிய தலைக்கட்டாக இருந்திருப்பார். நெல் உபரியைத் தந்தது, உபரி தலைவர்களைத் தந்தது. கல்வெட்டும் கோயிலும் நெல்லைச் சுற்றியே எழுந்ததற்கும், வறண்ட காட்டுச் சம்சாரியின் பெயர் எங்கும் பதிவாகாமல் போனதற்கும் காரணம் இதுதான். நமக்குக் கிடைத்த சான்று நெல்லின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே மேற்கொண்டு போக வேண்டும்.

மோளப்பாளையம்

கோயம்புத்தூருக்குத் தென்மேற்கே போளுவாம்பட்டிப் பள்ளத்தாக்கில் மூன்று பக்கமும் மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து நிற்கிறது. பாக்கும் தென்னையும் வாழையும் செழித்த நிலம். இங்கே யானை இறங்குகிறது. கரிசல்காட்டில் காட்டுப்பன்றிக்குப் பயந்து இரவுக் காவல் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையின் அளவு மட்டும்தான் புதிது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் கொள்ளுப் பருப்பு வருகிறது, கொள்ளு ரசம் வருகிறது. தெற்கே காணம் என்று துவையல் அரைக்கும் அதே மணிதான். இந்தப் பள்ளத்தாக்கின் மோளப்பாளையத்தில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வீ. செல்வகுமார் குழுவினர் 2019லும் 2021லும் தோண்டினார்கள். கி.மு. 1600க்கும் 1400க்கும் இடைப்பட்ட ஒரு புதிய கற்கால ஊர் வெளிப்பட்டது. அரைக்கும் கற்கள், தேய்த்த கருவிகள், மண்ணில் தோண்டிய குழிகள், ஆடு மாடுகளின் எலும்புகள், கருகிப்போன கொள்ளும் பாசிப்பயறும். மூன்று மனித எலும்புக்கூடுகளும் கிடைத்தன. ஒன்று சிறு குழந்தை, மற்றவர்கள் வளர்ந்தவர்கள்.

இந்தச் சின்னப் பட்டியலை வைத்தே ஓர் ஊரின் வாழ்க்கையை ஓரளவு கட்டி எழுப்பலாம். ஆடும் மாடும் மேய மலையடிவாரப் புல், மழை முடிந்த ஈரத்தில் பயறு, அறுத்ததைச் சேமிக்கக் குழி, அரைக்கக் கல். குழி தோண்டித் தானியம் சேமித்தவர்கள் அதை விட்டுவிட்டு நெடுந்தூரம் போக முடியாது. இறந்தவர்களை வாழ்விடத்திலேயே புதைத்தவர்களுக்கும் அந்த நிலத்தோடு ஒட்டு இருந்திருக்கிறது. ஆனாலும் இவர்கள் உலகம் மலைக்குள் அடங்கிவிடவில்லை. கடற்சிப்பியை அறுத்து மணி செய்த அடையாளங்கள் இங்கே உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடலுக்கு ஆள்களோ சரக்கோ போய்வந்திருக்க வேண்டும். வெம்பக்கோட்டையில் சங்கு அறுத்த கைகளுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, பயறு விதைத்த ஓர் ஊர் கடல்பொருளைக் கையில் எடுத்துத் தொழில் செய்திருக்கிறது. உழவும் கைத்தொழிலும் ஒன்று தோற்றால் மற்றது என்று மாறி வந்தவை என்ற சிவகாசி விளக்கம் இந்த இடத்தில் உடைகிறது. தொடக்கத்திலிருந்தே இரண்டும் சேர்ந்துதான் இருந்திருக்கின்றன.

ஒரே ஊரை வைத்துக்கொண்டு தமிழகம் முழுமைக்கும் பேசலாமா என்று கேட்டால், ஒரே ஊர் இல்லை என்பது பதில். வடக்கே திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோதும் தேய்த்த கற்கோடரிகளோடு கருகிய கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. இன்னும் வடக்கே கர்நாடக, ஆந்திர, தெலங்கானாப் புதிய கற்கால ஊர்களில் இதே பயறுகளோடு சிறுதானியமும் மாடும். அங்கே சாணத்தைக் குவித்து எரித்த சாம்பல் மேடுகள் குன்றுபோல் நிற்கின்றன. உட்நூரில் ஆல்ச்சினும் புதிஹாலில் பத்தய்யாவும் தோண்டி, அவை மாட்டுப்பட்டிகளின் எச்சம் என்று காட்டினார்கள். இந்தச் சாம்பல் மேடு ஒரு வில்லங்கமான சான்றும்கூட. கிடை போட்டு எருவேற்றும் இன்றைய முறைக்கு அவர்களை நேரடி முன்னோர் என்று சொல்லிவிட முடியாதபடி, அவர்கள் எருவை எரித்திருக்கிறார்கள். நிலம் நிறைய இருந்து ஆள் குறைவாக இருந்தபோது, உரம் தேவைப்படாமல் இருந்திருக்கலாம். மந்தையும் பயறும் சேர்ந்த வாழ்க்கை பழையது. சாணத்தைக் காட்டில் சேர்க்கும் கணக்கு பின்னால் கற்றது. மூத்தது என்றால் மாறாதது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை.

பேரூர்

நொய்யலோடு கிழக்கே இறங்கிப் பேரூர் வந்தால் மறுபடியும் கோயிலும் குளமும் வாய்க்காலும். இந்தப் பயணத்தின் வாதத்துக்கு எதிராக மிச்சமிருக்கும் இரண்டு கேள்விகளை இங்கே தீர்த்துவிடலாம். முதலாவது: ஆற்றங்கரை ஊர்கள் வண்டலுக்கடியில் ஆழப் புதைந்திருக்கலாம், மோளப்பாளையத்துக்கு முந்திய நெல் அங்கே காத்திருக்கலாம் அல்லவா? இருக்கலாம். நாளையே ஒரு குழியில் அது கிடைத்தால் இந்த வாதம் விழும்; விழவும் வேண்டும். இரண்டாவது: வறண்ட நிலத்துத் தானியங்களே சொந்தம் இல்லையே? உண்மைதான். கம்பு மேற்கு ஆப்பிரிக்காவிலும் சோளம் சூடான் பக்கமும் பயிராகி, கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் இந்தியாவுக்கு வந்தவை. மக்காச்சோளம் மெக்சிகோவிலிருந்து நேற்று வந்தது. ஆனால் அவை வந்து இறங்கியபோது மழைக்கணக்கு அறிந்த உழவரும் பயறு விளையும் காடும் இங்கே தயாராக இருந்தன. பயறும் மந்தையுமான முறை முன்பே இருந்ததால்தான் வந்த தானியம் வேர்பிடித்தது.

ஆகவே இனி தேட வேண்டிய இடமும் முறையும் மாற வேண்டும். நம் அகழாய்வுகள் தாழிக்காடுகளையும் ஆற்றங்கரை மேடுகளையும் தேடிப் போகின்றன. தாழி கண்ணுக்குப் படும், பொன்னும் எழுத்தும் செய்தியாகும். தொடக்க கால உழவர் ஊரோ சின்னது. அதன் பெரிய சான்று கடுகளவு கருகிய பயறு. குழி மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதக்கும் கரித்துணுக்கை வலையில் பிடித்துப் பார்த்தால்தான் அது அகப்படும். வைப்பாறும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் ஆறுதான். மோளப்பாளையத்தை வைத்து ஊகித்தால், விருதுநகர் மாவட்டத்தின் முதல் உழவர்களைக் கரிசலின் நடுவே தேடுவதைவிட, மண் தன்னைப் புரட்டிக்கொள்ளாத மலையடிவாரச் செவல் நிலத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர், சேத்தூர்ப் பக்கத்து ஓடைக்கரைகளில் தேடுவது பலன் தரும். அந்த அடிவாரங்கள் தோப்பாகவும் மனையாகவும் மாறுவதற்குள் கள ஆய்வு நடக்க வேண்டும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்று நிலைக்கும்: நெல் விளையாத ஊரை வேளாண்மை அறியாத ஊர் என்று எழுதிவிட்டு, அங்கே மானாவாரிக்குக் கடனும் காப்பீடும் கொள்முதலும் இரண்டாம் பட்சமாக நடப்பதற்கு வரலாற்றைச் சாக்காகச் சொல்ல முடியாது. வரலாறு அந்தப் பக்கம் இல்லை.